மேன்சன் கண்டுபிடிச்சது பாதி தான்
உங்க கட்டுரைல யானைக்கால் நோய் எப்படி பரவுதுன்னு ஸ்காட்லாந்து டாக்டர் பேட்ரிக் மேன்சன் 1877லயே முழுசா கண்டுபிடிச்சிட்டார்னு போட்டிருக்கீங்க, அது சரியில்லை. சீனாவுல அமாய்ங்கற ஊர்ல வேலை பார்த்தப்ப இந்த நோய உண்டாக்குற புழு கொசு உடம்புக்குள்ள வளருதுன்னு அவர் பார்த்தது பெரிய விஷயம் தான், பூச்சி மூலமா பரவுற நோய் பத்தின ஆராய்ச்சிக்கே அது தான் ஆரம்பம்னு சொல்லலாம், ஆனா அந்த புழு திரும்ப மனுஷனுக்குள்ள எப்படி போகுதுங்கறதுல அவர் தப்பா போயிட்டார். கொசு தண்ணில செத்து விழும், அந்த தண்ணிய குடிக்கிறதால வருதுன்னு நினைச்சார். 1900ல ஜார்ஜ் லோங்கற டாக்டர் கொசுவோட ஊசி வாய்க்குள்ளயே புழுவ பார்த்த பிறகு தான் கடியாலயே வருதுன்னு தெளிவாச்சு. லோ பேரயே கட்டுரைல காணோம், தயவு செஞ்சு சேர்த்துடுங்க. மேல கமெண்ட்ல ஒருத்தர் காலு வீக்கம் இருந்தும் பிளட் டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னு எழுதியிருந்தார், பகல்ல ரத்தம் எடுத்திருந்தா அப்படி வரலாங்க, ஏன்னா பெரும்பாலான இடங்கள்ல இந்த குட்டிப் புழுங்க ராத்திரில தான் தோலுக்கு பக்கத்துல ஓடுற ரத்தத்துக்கு வரும், பகல்ல நுரையீரல் பக்கம் போய் ஒளிஞ்சுக்கும், இதையும் மேன்சன் தான் கண்டுபிடிச்சார். எங்க பெரியப்பாவுக்கும் பகல்ல எடுத்தப்ப ஒண்ணுமில்லன்னு தான் வந்தது, ராத்திரி பத்து மணிக்கு மேல எடுத்ததுல தான் தெரிஞ்சது. வீக்கம் ரொம்ப நாள் ஆனவங்களுக்கு ராத்திரி எடுத்தாலும் தெரியாம போகலாம். இப்ப ஆன்டிஜென் டெஸ்ட் (புழுவ நேரா தேடாம, அது ரத்தத்துல விடுற பொருள கண்டுபிடிக்கிற டெஸ்ட்) இருக்கு, அத பகல்லயே எடுக்கலாம், டாக்டர்கிட்ட அதக் கேட்டு பாருங்க.