‘அ’ மட்டும் தெரிந்த குழந்தையால் ‘அம்மா’ வாசிக்க முடியாது

அரிச்சுவடியின் முதல் பக்கத்தை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். பெரிதாக ‘அ’, கீழே ‘அம்மா’, பக்கத்தில் படம். குழந்தைக்கு அன்று தெரிந்தது ஒரே ஓர் எழுத்து. ‘ம்’ தெரியாது, ‘மா’ தெரியாது. ஆனாலும் ‘அம்மா’ என்று உரக்கச் சொல்லும், நாமும் பூரித்துப் போவோம். குழந்தை படத்தைத்தான் சொன்னது, எழுத்தை வாசிக்கவில்லை. உயிரெழுத்துப் பக்கங்களில் ‘ஈ’ மட்டும் விதிவிலக்கு, அங்கே எழுத்தே சொல்.

247 எழுத்தும் முடியட்டும், பிறகு சொல்லுக்குப் போகலாம் என்று காத்திருப்பதும் சரியில்லை. தெரிந்த எழுத்துகளால் மட்டுமே ஆன வரிகளை முதல் சில வாரங்களிலேயே குழந்தையின் கையில் கொடுத்துவிட வேண்டும்.

ட, ப, ம, ர போதும். கூடவே புள்ளி, துணைக்கால் (‘பா’வில் வருவது), மேல்விலங்கு (‘பி’யில் மேலே வளைவது). 16 எழுத்துகள் கிடைத்துவிடும். ‘பாப்பா, படம் பார். பாட்டி, மரம் பார். மாமா, பாடம் படி.’ இதில் குழந்தை ஊகிக்க வேண்டிய எழுத்து ஒன்றுகூட இல்லை. அடுத்து உகரம். கு, டு, மு, ரு ஒரு சாயல். பு, சு, வு, யு வேறொரு சாயல். து, நு, லு, னு இன்னொன்று. சாயல் சாயலாகக் கொடுங்கள். கொம்பு வரும் எழுத்துகளைத் தள்ளிப்போடுங்கள். ‘கெ’யில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவது ‘க்’. இடமிருந்து வலமாக வாசிக்கப் பழகிவரும் குழந்தை அங்கே தடுமாறத்தான் செய்யும். இருபுறமும் குறி வரும் ‘கொ’, ‘கோ’ அதற்கும் பிறகு.

‘பானா, டானா, இம்மன்னா’ என்று பெயர் சொல்லிக் கூட்டவே கூடாது. அந்த மூன்றையும் எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் ‘படம்’ வராது. ப… ட… ம் என்று ஒலியைச் சொல்லி, இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

அப்படிக் கூட்டும்போது ஒரு பிழை அடிக்கடி வரும்: ‘படம்’ என்பதைப் ‘பட்டம்’ என்று வாசிப்பது. கவனக்குறைவு என்று கண்டிக்காதீர்கள். தனியாகச் சொல்லித்தரும்போது ‘ட’வை அழுத்திச் சொன்னது நாம்தான், சொல்லின் நடுவே அது மெலிந்துவிடுகிறது. இரண்டு சொல்லையும் அடுத்தடுத்து எழுதி, புள்ளி வைத்த ‘ட்’ எதில் இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். ‘க’ இதைவிடச் சிக்கல். கடல், பக்கம், தங்கம், பகல் என்று இடத்துக்கு இடம் ஒலி மாறும். மெய் வரிசையில் முதலில் நிற்கிறது என்பதற்காக அதை முதலில் கற்பிக்க வேண்டியதில்லை.

நாளுக்குப் பத்து நிமிடம், முப்பது சொல்லுக்குள் ஒரு பகுதி, அதையே மூன்று நாள். படம் தாளின் பின்பக்கத்தில் இருக்கட்டும், வாசித்த பிறகு திருப்பிப் பார்க்கலாம். திணறினால் ஐந்து விநாடி பொறுங்கள். பிறகும் சொல்லைச் சொல்லிவிடாமல், தடுக்கும் எழுத்தை மட்டும் காட்டுங்கள். மூன்று சொல்லுக்கு மேல் திணறல் இருந்தால் பகுதி கடினம் என்று பொருள், பழைய எழுத்துகளுக்குத் திரும்புங்கள்.

மூன்றாம் நாள் சரளமாக வந்தால் மனப்பாடமோ என்று சந்தேகம் வரும். ‘மிபா’, ‘ரபம்’ என்று பொருளே இல்லாத சொல் எழுதிக் கேளுங்கள். இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் வகுப்பில் நடக்கும் ஒலிப்புச் சோதனையில் 40 சொற்களில் 20 இப்படிப்பட்டவைதான்.

‘இதில் கதையே இல்லையே’ என்பார்கள். உண்மைதான், 16 எழுத்தில் நல்ல கதை வராது. கதையை நாம் வாசித்துக் காட்ட வேண்டும், அதே நாளில், நீளமாக, குழந்தைக்குப் புதிய சொற்கள் நிறைய வருவதாக. அந்தப் புத்தகத்தைக் குழந்தையிடம் நீட்டி ‘நீ படி’ என்று மட்டும் சொல்லாதீர்கள். இதுவரை பார்த்தே இராத சொல்லைக் கூட்டாமல், ஒரே மூச்சில் குழந்தை வாசிக்கிறதா? எழுத்து எண்ணிக் கோத்த இந்த வரிகளை அன்று ஓரம்கட்டிவிடலாம்.