அருபாவில் ஒரு நாள்தான் என்றால், ஒரே ஒரு மூழ்கிய கப்பல் போதும்

கரீபியன் க்ரூஸில் அருபா தீவு வருகிறதென்றால், ஸ்நார்க்கெலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழலும் மாட்டிக்கொண்டு மிதப்பது) பட்டியலில் முதலில் கண்ணில் படுவது "மூன்று இடங்கள், இரண்டு மூழ்கிய கப்பல்கள், அளவில்லாத ரம்" என்கிற மாதிரிப் பயணம்தான். விலையும் கட்டுப்படியாகத்தான் இருக்கும். ஆனாலும் அதை எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஆன்டில்லா என்ற ஒரு கப்பலுக்கு மட்டும் போய், அங்கே முக்கால் மணி நேரமாவது தண்ணீரில் இருக்க விடுகிற படகைத் தேடுங்கள்.

ஏன் ஆன்டில்லா? அது 1939இல் ஹாம்பர்க்கில் கட்டப்பட்ட ஜெர்மன் சரக்குக் கப்பல். கிட்டத்தட்ட 400 அடி நீளம். இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும், அப்போது நடுநிலையில் இருந்த டச்சுக்காரர்களின் அருபாவில் ஒதுங்கி நின்றது. 1940 மே 10 அன்று ஜெர்மனி டச்சுக்காரர்களின் நாடான நெதர்லாந்துக்குள் நுழைந்தது. இனி இங்கே பிடித்துவிடுவார்கள் என்று தெரிந்ததும், மாலுமிகளே கப்பலுக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டு, தீயும் வைத்து மூழ்கடித்தார்கள். ஓராண்டு கூட ஓடாத புதுக் கப்பல். இந்தக் கதை தெரிந்து மேலே மிதக்கும்போது, கீழே கிடப்பது வெறும் துருப்பிடித்த இரும்பாகத் தெரியாது.

கதையை விட முக்கியமானது ஆழம். ஸ்நார்க்கெலிங் என்பது மேலே மிதந்தபடி கீழே பார்ப்பது. 60 அடி ஆழத்தில் எவ்வளவு அற்புதமான கப்பல் கிடந்தாலும் நமக்கு மங்கலான நிழல்தான் தெரியும். ஆன்டில்லாவின் அடிப்பகுதி ஏறக்குறைய அந்த ஆழத்தில் இருந்தாலும், பக்கவாட்டில் சாய்ந்து கிடப்பதால் அதன் மேல் ஓரங்கள் நீர்மட்டத்துக்கு வெகு அருகில் வந்துவிடுகின்றன. குழல் கடற்பஞ்சுகள், பவளம், கூட்டம் கூட்டமாக மஞ்சள்-கறுப்புக் கோடு போட்ட மீன்கள் என்று எல்லாம் கண்ணெதிரே இருக்கும். இரண்டாவது கப்பல் என்று சேர்த்து விற்கப்படும் பெடர்னாலெஸ், 1942 பிப்ரவரியில் ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கிய எண்ணெய்க் கப்பலின் நடுப்பகுதி. அதன் முன்பகுதியும் பின்பகுதியும் வெட்டி எடுத்து ஒன்றாக ஒட்டப்பட்டு மறுபடி கடலுக்குப் போய்விட்டன. அதன் வரலாறு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் சுமார் 25 அடிக்குக் கீழே சிதறிக் கிடக்கும் துண்டுகள் அவை. ஸ்கூபா (காற்று உருளையோடு ஆழத்தில் மூழ்குவது) கற்றுக்கொள்பவர்களுக்கு அருமையான இடம், மேலே மிதப்பவர்களுக்கு அந்த அளவுக்கு இல்லை. எந்தத் தீவாக இருந்தாலும் பதிவு செய்யும் முன் "கப்பலின் மேல்பகுதி எத்தனை அடியில் இருக்கிறது?" என்று கேளுங்கள். நேரடியாகப் பதில் சொல்லாதவர்களிடம் பணம் கட்ட வேண்டாம்.

அப்புறம் கூட்டம். 60, 70 பேரை ஏற்றிக்கொண்டு போகும் கேட்டமரான் என்ற பெரிய இரட்டை உடல் படகில் மாஸ்க் மாட்டி, காலில் துடுப்பு போன்ற ஃபின்ஸ் போட்டு, ஏணியில் வரிசையாக இறங்குவதற்கே பாதி நேரம் போய்விடும். இறங்கினால் பக்கத்தில் இருப்பவரின் கால்தான் முகத்தில் படும். சின்னப் படகுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது முழுக்க நியாயம். அங்கே இரண்டு வழிகாட்டிகள் தண்ணீரிலேயே இருப்பார்கள். நீச்சல் தெரியாத என் அம்மா லைஃப் ஜாக்கெட்டோடு ஒரு மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டு, வழிகாட்டி இழுத்துப் போக, கப்பலின் நீளம் முழுவதையும் பார்த்தார். பெரிய படகில் அந்தக் கவனிப்பு கிடைத்திருக்காது. ரம் விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது. குடிப்பதெல்லாம் தண்ணீரை விட்டு ஏறிய பிறகுதான். இதய நோய், மூச்சுத் திணறல் உள்ள பெரியவர்கள் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

அருபாவில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசும். ஆன்டில்லா கிடப்பது மேற்குக் கரையில். அதனால் தண்ணீர் அமைதியாகத் தெரியும், ஆனால் காற்று ஆளைக் கரையிலிருந்து வெளிக்கடல் பக்கம்தான் தள்ளும். மால்மோக் கரையிலிருந்து தானே நீந்திப் போய்ப் பார்த்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். முடிந்தவரை காலைப் படகையே பிடியுங்கள்.

க்ரூஸ் கப்பல் நிறுவனம் விற்கும் பயணமா, வெளியில் பதிவு செய்வதா என்று எப்போதும் ஒரு விவாதம் ஓடும். கப்பல் வழியாகப் போனால் தாமதமானாலும் காத்திருப்பார்கள், அது உண்மை. ஆனால் அருபாவில் ஓரஞ்செஸ்டாட் துறைமுகத்திலிருந்து படகுத்துறைகளுக்கு டாக்ஸியில் சிறிது நேரம்தான். கப்பல் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடியும் பயணமாக எடுத்தால் வெளியில் பதிவு செய்வதே மேல். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அமெரிக்காவின் மியாமி நேரத்தில் ஓடும் கப்பல்களில், குளிர்காலத்தில் கப்பல் நேரமும் தீவு நேரமும் ஒரு மணி வேறுபடும். படகுக்காரர் சொல்வது தீவு நேரம்.

சன்ஸ்கிரீன் வாங்கும்போது ஆக்ஸிபென்சோன் என்ற வேதிப்பொருள் இல்லாததாகப் பாருங்கள், அருபா அதைத் தடை செய்திருக்கிறது. முழுக்கை நீச்சல் சட்டை போட்டுக்கொண்டால் முதுகுக்கு அதுவும் தேவைப்படாது.