டீசல் எஞ்சின் மாற்றினால் ஜிஎம்சி பறக்குமா?

ரங்கூன் தமிழர்களிடையே போனில் ஒரு செய்தி சுற்றுகிறது: 1945-ல் லேடோ ரோட்டில் (போர்க்காலத்தில் அசாமிலிருந்து பர்மா வழியாகச் சீனாவுக்குப் போட்ட சாலை) ஓடிய மாதிரியான ஜிஎம்சி என்ற அமெரிக்க ராணுவ ஆறு சக்கர லாரி கிடைத்தால், பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிப் பெரிய டீசலை மாட்டினால் போதும், 100 கி.மீ. வேகம் வரும், வேறு எதையும் தொட வேண்டாமாம். தப்பு.

அந்த லாரியின் பழைய எஞ்சின் 4.4 லிட்டர், நிமிடத்துக்கு 2,750 சுற்றில் மணிக்கு சுமார் 72 கி.மீ. போகும். கியரையும் ஆக்ஸிலையும் அப்படியே விட்டுவிட்டு 2,200 சுற்றுக்கு மேல் போகாத டீசலை வைத்தால் 58 கி.மீ.தான் வரும். இழுவை கூடும், உண்மைதான், ஆனால் அந்த முறுக்கு விசைக்காகச் செய்யாத கியர்பாக்ஸும் ஆக்ஸில் தண்டும் எத்தனை நாள் தாங்கும்?

அப்புறம் பிரேக். யாரும் பேசாத விஷயம் இதுதான். பெட்ரோல் எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தை வைத்துத்தான் அதன் பிரேக் பூஸ்டர் (பெடலை மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் கருவி) வேலை செய்கிறது. டீசலில் அந்த வெற்றிடம் கிடையாது, தனியாக வேக்யூம் பம்ப் வைக்காவிட்டால் பாரத்தோடு மலை இறங்கும்போது பெடலை ஏறி மிதித்தாலும் வண்டி லேசில் நிற்காது.

எஞ்சினை மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. மாற்றுங்கள், பம்போடு.