வியன்டியானில் இறக்கி ஏற்றும் சரக்கு

லாவோஸின் தலைநகரான வியன்டியானின் தெற்கே, சீனாவிலிருந்து வரும் ரயில் பாதையும் தாய்லாந்திலிருந்து வரும் ரயில் பாதையும் அருகருகே வந்து சேர்கின்றன. அங்கே கன்டெய்னர்களைக் கிரேனால் தூக்கி ஒரு வண்டியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுகிறார்கள். சீனப் பாதையின் கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம், 1,435 மில்லிமீட்டர். தாய்லாந்தினுடையது 1,000, அதாவது நமக்குப் பழக்கமான மீட்டர் கேஜ். கேஜ் மாறும் இடத்தில் சரக்கை இறக்கி ஏற்றுவதன் அலுப்பும் செலவும் நம்மூர்ப் பழைய ரயில்வேக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

2021 டிசம்பரில் திறக்கப்பட்ட இந்தச் சீன-லாவோஸ் பாதையைப் பற்றிய பேச்செல்லாம் "கடன் பொறி", அதாவது கடன் கொடுத்துச் சிறிய நாட்டைச் சீனா சிக்கவைக்கிறது, என்ற சொல்லோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கவலை பொய்யல்ல: ஏறத்தாழ 600 கோடி டாலர் திட்டம், அதை நடத்தும் கூட்டு நிறுவனத்தில் 70 சதவீதப் பங்கு சீனத் தரப்புடையது. ஆனால் பழி முழுவதையும் பெய்ஜிங்கின் தலையில் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. சிங்கப்பூரிலிருந்து சீனாவின் குன்மிங் வரை ரயில் ஓட வேண்டும் என்று மலேசியப் பிரதமர் மகாதீர், தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் 1995 உச்சி மாநாட்டிலேயே முன்மொழிந்தார். மலேசியா, தாய்லாந்து, கம்போடியா மூன்றிலும் மீட்டர் கேஜ்தான், வியட்நாமிலும் பெரும்பாலும் அதுவே. விடுபட்ட துண்டுகளைப் போட்டிருந்தாலே பெரும்பகுதி வேலை முடிந்திருக்கும். முப்பது ஆண்டுகள் ஆகியும் புனோம் பென்னிலிருந்து ஹோ சி மின் நகருக்கு ரயில் கிடையாது. பல பத்தாண்டுகளாக அறுந்து கிடந்த தாய்லாந்து-கம்போடியா இணைப்பை 2019-இல் இரு பிரதமர்களும் சேர்ந்து திறந்துவைத்தார்கள். 2025-இல் இரு நாடுகளும் அதே எல்லையை மூடிவிட்டு, ஜூலையில் பீரங்கியால் சுட்டுக்கொண்டன.

எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்பது ஆசியானின் வழக்கம். சிறிய நாடுகளுக்கு அது காப்பு என்பதை மறுக்கவில்லை. ஆனால் வெளியாருக்கு அதனால் வேலை எளிதாகிறது, எல்லா உறுப்பு நாடுகளையும் வளைக்கத் தேவையில்லை, ஒன்று போதும். 2012-இல் கம்போடியா தலைமை வகித்த வெளியுறவு அமைச்சர்கள் கூட்டம், சீனா உரிமை கோரும் தென்சீனக் கடல் விவகாரத்தில் இசைவு ஏற்படாமல், 45 ஆண்டுகளில் முதன்முறையாகக் கூட்டறிக்கையின்றிக் கலைந்தது.

கடற்கரையே இல்லாத லாவோஸ், அண்டை வீட்டார் ஒன்றுகூடிப் பாதை போடும் வரை காத்திருந்திருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வந்து போட்டவர் தம் கேஜில் போட்டார். இப்போது தாய்லாந்தும் பாங்காக்கிலிருந்து லாவோஸ் எல்லையை நோக்கி, சொந்தப் பணத்தில், சீனத் தொழில்நுட்பத்தில், 1,435 மில்லிமீட்டர் அகலத்தில் புதிய பாதை போட்டுக்கொண்டிருக்கிறது.