என் பட்டியலைத் திருத்தியவர்களுக்கு

கிட்டார் கம்பிகள் மணிபோல் ஒலிக்கும் ஜாங்கிள் பாப் என்ற இசை வகையில் எனக்குப் பிடித்த பத்து ஆல்பங்களை வரிசைப்படுத்தி நான் எழுதியிருந்த பட்டியலை ஒருவர் எடுத்து, எண்களை மட்டும் மாற்றி, "சரியான வரிசை இதுதான்" என்ற குறிப்போடு பகிர்ந்திருந்ததைப் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். நானும் பார்த்தேன். அதன் கீழே சிரிப்புக் குறி இட்டவர்களில் என்னோடு இந்த இசையைப் பற்றி நள்ளிரவு வரை பேசியவர்களும் இருந்தார்கள். பேசாமல் கடந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் "வரலாறு தெரியாமல் பட்டியல் போடக் கூடாது" என்று அங்கே ஒருவர் எழுத, மற்றவர்கள் அதற்கு ஆமாம் போட்டதைப் பார்த்த பிறகு பேசாமலிருக்க முடியவில்லை.

நான் எழுதியதன் தலைப்பிலேயே "எனக்குப் பிடித்த" என்ற சொற்கள் இருந்தன. உலகின் தலைசிறந்த பத்து என்றோ, அனைவரும் கேட்டே தீர வேண்டிய பத்து என்றோ நான் எங்கும் சொல்லவில்லை. ஒருவர் தனக்குப் பிடித்ததைச் சொன்னால், எனக்கு வேறு பிடிக்கும் என்று பதில் சொல்லலாம். ஏன் பிடிக்கிறது என்று கேட்கலாம். விடைத்தாளைத் திருத்துவதுபோல் சிவப்பு மையால் அடித்து மதிப்பெண் போட முடியாது. ஒருவருடைய விருப்பத்தைத் திருத்த முடியாது என்ற இந்த எளிய விஷயத்தை விளக்க ஒரு நீண்ட பதிவு தேவைப்படுகிறதே என்பதுதான் என் வருத்தம்.

பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ளப்பட்டது, தி பேர்ட்ஸ் குழுவின் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' ஆல்பத்தை நான் ஐந்தாம் இடத்தில் வைத்தது. 1965-இல் வந்த அந்த ஆல்பம் இல்லாவிட்டால் இந்த வகை இசையே இல்லை என்பது வாதம். அதை யார் மறுத்தார்கள்? பீட்டில்ஸின் 1964-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் ஜார்ஜ் ஹாரிசன் கையில் ரிக்கன்பேக்கர் பன்னிரண்டு கம்பி கிட்டாரைப் பார்த்துவிட்டுத்தான் பேர்ட்ஸின் ரோஜர் மெக்வின் அதைத் தேடி வாங்கினார் என்பதும், பாஞ்சோ வாசித்துப் பழகிய விரல்களால், கம்பியை மீட்டும் சில்லான ஒரு பிளெக்ட்ரமும் விரல் நகங்களில் மாட்டும் உலோகப் பிக்குகளுமாக அதை மீட்டினார் என்பதும், ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரஸர் கருவியை ஒலிப்பதிவில் அழுத்தமாகப் பயன்படுத்தி ஒவ்வொரு சுரத்தையும் நீளச் செய்ததால்தான் அந்த மணியோசை பிறந்தது என்பதும் எனக்கும் தெரியும். அந்தத் தலைப்புப் பாடலில் குழுவிலிருந்து வாசித்தவர் மெக்வின் ஒருவரே, மற்ற வாத்தியங்களை வாசித்தவர்கள் ஸ்டுடியோக் கலைஞர்கள் என்பதும் தெரியும். வரலாறு தெரியாததால் ஐந்தாம் இடம் கொடுக்கவில்லை. வரலாறு தெரிந்தும் ஐந்தாம் இடம்தான் கொடுத்தேன்.

ஏனென்றால் முதலில் வந்தது வேறு, முதலிடத்தில் இருப்பது வேறு. அந்த ஆல்பத்தின் பன்னிரண்டு பாடல்களில் நான்கு பாப் டிலனுடையவை. குழுவினர் தாங்களே எழுதியவை ஐந்து. அந்த ஐந்தில் ஜீன் கிளார்க் எழுதிய 'ஐல் ஃபீல் எ ஹோல் லாட் பெட்டர்' இன்றும் என்னை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. ஆனால் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்கும்போது, 'வீல் மீட் அகெய்ன்' என்ற பழைய போர்க்காலப் பாடலோடு அது முடியும் இடத்தில், எனக்கு மனம் ஒன்றுவதில்லை. கண்டுபிடித்தவருக்கு நன்றி சொல்வேன். அதற்காக நான் அதிகம் கேட்பது அதைத்தான் என்று பொய் சொல்ல மாட்டேன்.

இந்த ஓசையின் மேல் எனக்கு எவ்வளவு பிடிப்பு என்பதைப் பட்டியலைத் திருத்தியவர் அறிய வாய்ப்பில்லை என்பதால் சொல்கிறேன். கிட்டார் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் பன்னிரண்டு கம்பி கிட்டார் ஒன்று கடனாக என் கைக்கு வந்தது. அதன் கம்பிகள் ஆறு இணைகளாக இருக்கும். கீழ்ச்சுருதியில் உள்ள நான்கு இணைகள் ஒவ்வொன்றிலும் ஒரு கம்பி தடிமனாகவும் அதன் துணை ஒரு ஸ்தாயி மேலே மெல்லியதாகவும் இருக்கும். மேல்சுருதியில் உள்ள இரண்டு இணைகளில் இரு கம்பிகளும் ஒரே சுரத்தில் இருக்கும். அந்த மெல்லிய கம்பிகளில் ஜி இணையின் துணைக்கம்பிதான் எல்லாவற்றிலும் உயர்ந்த சுரத்துக்கு முறுக்கப்படுவது. சுருதி சேர்க்கும்போது அது அறுந்து என் விரலைக் கீறியது. ரத்தத்தைத் துடைத்துவிட்டு, மீதியிருந்த கம்பிகளில் ஒரு டி கார்டை மீட்டினேன். இணைக்கம்பிகள் இம்மியளவு விலகி ஒலிக்கும்போது அவற்றுக்கிடையே ஓர் அதிர்வு எழுகிறதே, அதைக் காதை மரத்தில் வைத்துக் கேட்டேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவரோ, "தனி ஆவர்த்தனம் வாசிக்க முடியாத வாத்தியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்டார். அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. என் பட்டியலில் உள்ள பத்து ஆல்பங்களும்தான் அந்தக் கேள்விக்கு என் பதில். கிட்டார் தன்னை முன்னிறுத்திக்கொள்ளாமல், பாடலின் உள்ளே நின்று அதைத் தாங்குகிற இசை இது.

அந்த வகையில் எனக்கு முதலிடம் தி கோ-பிட்வீன்ஸ் குழுவின் '16 லவ்வர்ஸ் லேன்'தான். நேற்றும் அதுதான், திருத்தப்பட்ட பட்டியலைப் பார்த்த பிறகும் அதுதான். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் தோன்றிய குழு, லண்டனில் சில ஆண்டுகள் சிரமப்பட்டுவிட்டுத் தாய்நாடு திரும்பி, சிட்னியில் ஒலிப்பதிவு செய்து, 1988-இல் வெளியிட்ட ஆல்பம் அது. 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் யுவர் டவுன்' பாடலைக் கேளுங்கள். கிராண்ட் மெக்லென்னனின் குரலுக்குப் பின்னால் அமாண்டா பிரவுனின் குரல் வெயில்போல் வந்து சேர்கிறது; கிட்டார்கள் மின்னுகின்றன; கோடைக்கால உலாவுக்கான பாடல் என்றே தோன்றும். அந்த வெளிச்சத்தின் நடுவே, அடிவாங்கும் மனைவிகள் நிறைந்த ஊர் இது என்று ஒரு வரி வந்து போகிறது. குரல் உயரவில்லை, தாளம் மாறவில்லை, எந்த வாத்தியமும் நம்மை எச்சரிக்கவில்லை. கவனிக்காதவர்கள் அந்த வரியைக் கடந்து போய்விடுவார்கள். கவனித்தவர்களால் அதன் பிறகு அந்தப் பாடலை உல்லாசமாகக் கேட்க முடியாது. இந்த இசை வகையால் செய்ய முடிந்தவற்றில் ஆகப் பெரியது இதுவென்று நான் நம்புகிறேன். அதை யாரும் என்னிடம் ஏழாம் இடத்துக்கு இறக்கிக் காட்ட வேண்டாம்.

நெருங்கிய நட்பு ஒன்று முறிந்துபோன காலத்தில், அந்த ஆல்பத்தின் கடைசிப் பாடலான 'டைவ் ஃபார் யுவர் மெமரி'யைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். ராபர்ட் ஃபார்ஸ்டர் அதில் அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. சேர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை நிதானமாகச் சொல்கிறார். எனக்கு அந்த நேரத்தில் அந்த நிதானம் தேவைப்பட்டது. இதைப் பொதுவெளியில் எழுதும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. ஆனால் "ஏதோ கூகுளில் பார்த்துப் போட்ட பட்டியல்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எந்தத் தேடுபொறியில் இது கிடைக்கும் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாம் இடத்தில் ஆர்.ஈ.எம். குழுவின் 'மர்மர்' இருப்பதில் பெரிய சண்டை இல்லை. 1983-இல் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' உலகையே ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்தபோது, ரோலிங் ஸ்டோன் இதழ் ஆண்டின் சிறந்த ஆல்பமாக 'மர்மர்'ஐத் தேர்ந்தெடுத்தது என்பதை மேற்கோள் காட்டி, இதுவே முதலிடத்தில் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஓர் இதழின் தேர்வு எனக்கு ஏன் ஆணையாக வேண்டும்? எனக்கு அந்த ஆல்பம் பிடிப்பதற்குக் காரணம் வேறு. முதலில் அமர்த்தப்பட்ட ஒரு தயாரிப்பாளர் ஒரே பாடலை மீண்டும் மீண்டும் வாசிக்கச் சொல்லிக் களைப்படையச் செய்ததால், குழுவினர் அவரை விட்டு விலகித் தங்களைப் புரிந்துகொண்ட மிட்ச் ஈஸ்டரிடம் திரும்பினார்கள். அவரும் டான் டிக்சனும் வட கரோலினாவின் ஷார்லட் நகரில் அதை ஒலிப்பதிவு செய்தார்கள். மைக்கேல் ஸ்டைப்பின் சொற்கள் பாதி விளங்காது. பீட்டர் பக் தனி வாசிப்புக்கு ஆசைப்படாமல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்வார். விளங்காத சொற்களை அந்தக் கிட்டார்தான் விளங்கவைக்கிறது.

நான்காம் இடத்தில் தி ஸ்மித்ஸ் குழுவின் 'ஹேட்ஃபுல் ஆஃப் ஹாலோ'. இது தொகுப்புதானே, ஆல்பமே இல்லையே என்ற கேள்வி நியாயமானது. வானொலிக்காகப் பதிவு செய்த வடிவங்களையும் தனிப்பாடல்களையும் சேர்த்து 1984-இல் வெளியிட்டதுதான் அது. இருந்தாலும் என் பட்டியலில் அது இருக்கும். ஜானி மார் ஒற்றைக் கிட்டாரோடு வாசிக்கும் 'பேக் டு தி ஓல்ட் ஹவுஸ்' அதில்தான் இருக்கிறது. 'தி குயின் இஸ் டெட்' இதைவிட முழுமையான ஆல்பம் என்பவர்கள் அதைத் தங்கள் பட்டியலில் வைத்துக்கொள்ளட்டும்.

ஆறாம் இடத்தில் தி லாஸ் குழுவின் அதே பெயர் கொண்ட ஆல்பம். 1990-இல் அது வெளியானபோது அதை எழுதிய லீ மேவர்ஸே அதை ஏற்கவில்லை, பிறகு நீ ஏன் கொண்டாடுகிறாய் என்று கேட்கிறார்கள். படைத்தவருக்குத் திருப்தி இல்லாததெல்லாம் கேட்பவருக்கும் பிடிக்கக் கூடாது என்றால் நாம் கேட்பதற்கு மிஞ்சுவது என்ன? ஏழில் அஸ்டெக் கேமரா. 'ஹை லேண்ட், ஹார்ட் ரெயின்' வெளியானபோது அதை எழுதிப் பாடிய ராடி ஃப்ரேமுக்கு வயது 19 என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. எட்டில் தி சண்டேஸின் முதல் ஆல்பம், ஒன்பதில் பீட்டர் பக் இணைந்து தயாரித்த தி ஃபீலீஸின் 'தி குட் எர்த்', பத்தில் ஃபெல்ட்டின் 'ஃபாரெவர் பிரீத்ஸ் தி லோன்லி வேர்ட்'. பிக் ஸ்டார் குழு எங்கே என்றால், அவர்களை நான் பவர் பாப் என்ற வேறொரு வகைக்கான பட்டியலில் வைத்திருக்கிறேன். அங்கே அவர்களுக்கு முதலிடம். பேங்கிள்ஸின் 'ஆல் ஓவர் தி ப்ளேஸ்' விடுபட்டது குறித்து ஒரு தோழி கேட்டிருந்தார். பதினோராவதாக எழுதினால் அதைத்தான் எழுதியிருப்பேன்.

மூன்றாம் இடத்தைக் கடைசியில் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே நான் வைத்திருந்தது நியூசிலாந்தின் டனீடனிலிருந்து வந்த தி சில்ஸ் குழுவின் 'சப்மரைன் பெல்ஸ்'. திருத்தப்பட்ட பட்டியலில் அதை நீக்கிவிட்டு, "பெயர் தெரியாத குழுக்களைச் சேர்த்தால் ரசனை உயர்ந்துவிடாது" என்று எழுதியிருக்கிறார்கள். மற்ற எல்லாவற்றையும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. இதைப் பொறுக்க முடியவில்லை. 1990-இல் தன் நாட்டின் ஆல்பம் வரிசையில் முதலிடத்துக்குப் போன ஆல்பம் அது. உங்களுக்குத் தெரியாத பெயர் என்பதால் அது பெயரில்லாததாகிவிடாது.

மார்ட்டின் ஃபிலிப்ஸ் என்ற ஒரே மனிதர், குழுவில் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்க, தானே அந்தப் பெயரைத் தூக்கிச் சுமந்தார். அவருடைய டிரம்ஸ் கலைஞர் மார்ட்டின் புல் ரத்தப் புற்றுநோயால் 1983-இல் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற தோல் அங்கியைப் பற்றி ஃபிலிப்ஸ் எழுதிய பாடலைக் கேட்டுவிட்டு வந்து பெயர் தெரியாத குழு என்று சொல்லுங்கள். 'சப்மரைன் பெல்ஸ்' கிட்டாரைவிட கீபோர்டை அதிகம் நம்புகிறது, இது தூய ஜாங்கிள் இல்லை என்ற வாதத்தை யாராவது வைத்திருந்தால் உட்கார்ந்து பேசியிருப்பேன். அதில் பேச விஷயம் உண்டு. அந்த வாதத்தை ஒருவர்கூட வைக்கவில்லை. கேட்டிருந்தால்தானே வைப்பதற்கு!

ஃபிலிப்ஸ் 2024 ஜூலையில், 61 வயதில் காலமானார். அந்தச் செய்தியை நான் இங்கே பகிர்ந்தபோது, இன்று வரலாறு கற்பிக்கும் நண்பர்களில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. அன்று ஒரு வரி எழுதியிருந்தால் எனக்குத் துணையாக இருந்திருக்கும். இன்று என் பட்டியலிலிருந்து அவரை அழித்துவிட்டுச் சிரிக்கிறீர்கள். எனக்கு வலிக்கிறது என்று சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

"ஒரு பாட்டுப் பட்டியலுக்கா இவ்வளவு கோபம்?" என்று கேட்பவர்களும் வருவார்கள். பட்டியல் அற்பமானது என்றால் அதைத் திருத்த நீங்கள் ஏன் மெனக்கெட்டீர்கள்? உங்களுக்கு முக்கியமாக இருக்கும்போது வரலாறு, எனக்கு முக்கியமாக இருக்கும்போது வெறும் பாட்டா?

உங்களுக்குப் பிடித்த பத்தை நீங்கள் எழுதுங்கள். பேர்ட்ஸை முதலிடத்தில் வையுங்கள், ஏன் என்று சொல்லுங்கள், நான் முழுவதும் படிப்பேன். பிடித்திருந்தால் அந்த ஆல்பத்தை உங்கள் காதோடு இன்னொரு முறை கேட்டும் பார்ப்பேன். என் பெயரில் உள்ள பட்டியலில் எண்களை மாற்றி வைத்திருக்கும் அந்தப் பகிர்வை மட்டும் எடுத்துவிடுங்கள். அது என் பட்டியல் இல்லை. என் பட்டியலில் 'சப்மரைன் பெல்ஸ்' மூன்றாம் இடத்தில் இருக்கிறது.