தயிர் சாப்பிட்டால் குடற்புழு மாத்திரை வேண்டாமா?

"தினம் ஒரு கிண்ணம் தயிர் போதும்; அதிலுள்ள நல்ல பாக்டீரியா குடற்புழுவைக் கொன்றுவிடும், அல்பெண்டசோல் மாத்திரை தேவையில்லை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

குடல் பாக்டீரியாவுக்கும் நோய் எதிர்ப்பாற்றலுக்கும் தொடர்பு உண்டு, அது சரி. எலிகளில் இழை போன்ற ஒருவகைக் குடல் பாக்டீரியா, அமீபாத் தொற்றை எதிர்க்க உதவியது. ஆனால் அமீபா வேறு, புழு வேறு. சாட்டைப்புழு என்ற குடற்புழு விஷயத்தில் கதையே தலைகீழ். மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் எலிச் சாட்டைப்புழுவின் முட்டைகளை வைத்துப் பார்த்தார்கள். பீப்பாய் வடிவ முட்டை. இரு முனையிலும் தக்கை வைத்தாற்போல் அடைப்பு. அந்த அடைப்பில் ஈ.கோலை பாக்டீரியா கொத்தாக ஒட்டிக்கொண்டதும் முட்டை பொரிந்தது. ஆன்டிபயாடிக் கொடுத்து பாக்டீரியாவைக் குறைத்த எலிகளில் புழுக்களும் குறைந்தன. (அதற்காக ஆன்டிபயாடிக் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள்!)

புழுவை வெளியே தள்ளுவதில் முன்னிற்பவை குடல் சுவரின் டஃப்ட் செல்கள். அவை புழுவை மோப்பம் பிடித்து ஐஎல்-25 என்ற சமிக்ஞையை அனுப்பும். அப்புறம் சளி பெருகும், குடல் வேகமாக அசையும்.

தயிர்சாதத்தோடு எனக்குச் சண்டை இல்லை. தேசிய குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரை தரும் மாத்திரைக்கு அது மாற்றல்ல. 2 வயதுக்குக் கீழே அரை மாத்திரை, அதற்கு மேல் 400 மில்லிகிராம் முழு மாத்திரை.