14ஆம் வினா

மாணவர் கற்றதை மதிப்பிடும் பிரிவில் இருப்போர் ‘வெறும் படிவம் நிரப்புவோர்’ என்று உங்கள் கட்டுரையில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் பதினொரு வருசமாக எனக்கு இதுதான் வேலை. படிவம் இருக்கிறதுதான், மறுக்கவில்லை. ஆனால் போன செமஸ்டர் ஒரு பல்தேர்வு வினாத்தாளை அலசினோம்: பிள்ளைகளை மொத்தப் புள்ளிப்படி மேலே உள்ள 27 சதவீதம், கீழே உள்ள 27 சதவீதம் என்று பிரித்து (1939இல் கெல்லி என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்ன கணக்கு). 14ஆம் வினாவைக் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் கூடப் பிழைவிட்டிருந்தார்கள். பார்த்தால், ஒரே வசனத்தில் ‘அல்லாதது’ இரண்டு தரம்! விரிவுரையாளர் முதலில் முகத்தைச் சுளித்தார். அடுத்த கிழமை பழைய வினாத்தாள்களையும் கட்டாகத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். ஆய்வுக்கட்டுரைக்குக் கிடைக்கிற மரியாதை இதற்கு எங்கே கிடைக்கிறது? அதையல்லவா எழுதியிருக்க வேண்டும்.